பூஜ்யம் கிலோ

இதை எழுதுகிறவன் இந்தக் கதையை ஏழு வருடமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் என்றும் சொல்லலாம். வருடத்துக்கு ஒருமுறை சங்ககிரி வட்டாரத்து எடை மேடைகளுக்குப் போய், அரசாங்கம் கொடுத்த இருபது கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேடை சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்து, நிஜமென்றால் ஈய முத்திரை குத்திவிட்டு வருகிற வேலை அவனுக்கு. அப்படிப் போகும்போதெல்லாம் பைபாஸ் ஓரத்து எடை மேடையில் இருக்கும் நாச்சிமுத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து இதே கதையைச் சொல்வார். வருடா வருடம் ஏதாவது ஒன்று மாறும். லாரி வந்தது ஒரு வருடம் செவ்வாய்க்கிழமை, மறுவருடம் வெள்ளிக்கிழமை. ஆட்கள் நின்ற வரிசை ஒரு வருடம் ரயில்வே கேட் வரைக்கும், மறுவருடம் கோட்டை அடிவாரம் வரைக்கும். மாறாமல் இருப்பது எடைச் சீட்டு மட்டும். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். மொத்த எடை 0 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. அந்த மேடையைச் சோதித்து முத்திரை குத்தியவன் இதை எழுதுகிறவன்தான் என்பதால், சீட்டைப் பொய் என்று சொன்னால் தன்னையும் சேர்த்தே சொல்ல வேண்டிவரும். எனவே பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான்.

கதை இதுதான்.

லாரிகளால் பிழைக்கிற அந்த ஊரில் தமயந்தி என்று ஒரு பெண், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரேடிங் கடையின் மாடியறையில், வேகிற ரப்பரின் நாற்றத்துக்கு நடுவே மூன்று வருடம் உட்கார்ந்து, போனில் ஆடுகிற ஒரு விளையாட்டைச் செய்தாள். அதற்குச் ‘சுமை’ என்று பேர் வைத்தாள். ஊருக்கு ஊர் லோடு எடுத்துப் போகிற ஒரு பச்சை லாரி, அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த லோடு சிமெண்டோ மஞ்சளோ முட்டையோ இல்லை. ஆடுகிறவர் யாருக்கு எதை அனுப்ப நினைக்கிறாரோ அதைத் தானே யோசித்து, தானே எழுதி ஏற்ற வேண்டும். ராய்ப்பூரில் பத்து நாளாக லோடு கிடைக்காமல் நின்ற ஒரு டிரைவர், மகள் காதுகுத்துக்கு வர முடியாமல் போன வருத்தத்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். இன்னொருவர் ஜபல்பூரில் பெய்த ஆலங்கட்டி மழையை அப்படியே மாமனார் வீட்டு முற்றத்துக்கு அனுப்பிவைத்தார். இன்னொருவர், தன்னிடம் அனுப்ப ஒன்றுமில்லை என்பதையே ஏற்றி, அதை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லாமல் ஏதோ ஒரு பேருக்கு அனுப்பியதில், கௌஹாத்தியில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு டிரைவர் அதை இறக்கிக்கொண்டு, ‘எனக்கும் அதேதானுங்க’ என்று வந்த வண்டியிலேயே திரும்பு லோடு போட்டார்.

ஏற்றிய சுமைக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்ட வேண்டும். கட்டியபின் சுமை இன்னதென்று அனுப்புகிறவர் ஒரே ஒரு முறை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வண்டி கிளம்பும். கிளம்பினால் நிஜ லாரிக்கு எத்தனை நாளோ அத்தனை நாள் ஓடும். வழியில் வருகிற புளியமரங்களைத் தமயந்தி ஒவ்வொன்றாகக் கையால் வரைந்திருந்தாள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. போய்ச் சேர்ந்ததும் பெறுகிறவர் கயிற்றை அவிழ்ப்பார். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. வண்டியின் பின்பலகையில் ‘ஹாரன் வேண்டாம், வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கும். லோடுக்குக் காத்து நிற்கிற டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் அதை ஆடினார்கள்.

நாச்சிமுத்துவும் ஒரு சுமை ஏற்றினார்.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால், அவருடைய அண்ணன் அர்த்தநாரி ஓட்டிவந்த லாரி அவர் மேடையில் ஏறி இருபத்து மூன்று டன் காட்டியது. பதினாறுக்கு மேல் போகக் கூடாது. லோடு கொடுத்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போதெல்லாம் சீட்டைக் கையால் எழுதுவது வழக்கம். நாச்சிமுத்து பதினாறு என்று எழுதினார். அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பதினாறுதானாடா? வண்டி கனமாத் தெரியுதே” என்றதற்கு, “மேடை பொய் சொல்லாதுண்ணா” என்றார். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணையில், வழியில் எங்காவது கூடுதலாக ஏற்றியிருப்பார் என்று நாச்சிமுத்து சொன்னார். சீட்டும் அதையே சொன்னது. மனிதன் ஒன்று சொல்லி, சீட்டு வேறொன்று சொன்னால் எதை நம்புவது என்பதில் எந்த விசாரணைக்கும் குழப்பம் வந்ததில்லை. அர்த்தநாரியின் லைசென்ஸ் போயிற்று. அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊரைவிட்டுப் போய், நாக்பூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஷெட்டில் லோடுக்கு வண்டிகளின் வரிசை எழுதுகிற வேலையில் சேர்ந்தார். போன் வாங்கினார். எல்லா டிரைவர்களையும் போல அவரும் ‘சுமை’ ஆடினார். பெறுநர் பட்டியலில் ‘அர்த்தநாரி, நாக்பூர்’ என்று ஒரு நாள் பார்த்த நாச்சிமுத்துவுக்கு, பத்து வருடமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்ததுபோல் இருந்தது.

‘அன்றைக்கு இருபத்து மூன்று டன். எனக்குத் தெரியும்’ என்று எழுதினார். தார்ப்பாய் போட்டார். கயிறு கட்டினார். பெறுநர் இடத்தில் அண்ணன் பேரைப் போட்டார். வாயால் சொல்ல வேண்டிய கட்டம் வந்தபோது மேடையில் ஒரு மஞ்சள் லோடு ஏறியது, எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பதினான்கு மாதம், தினமும் போனைத் திறந்து, ஷெட்டில் கட்டி நிற்கிற லாரியைப் பார்த்து, அதன்மேல் தூசி படிந்திருந்தால் விரலால் துடைத்துவிட்டு மூடிவைத்தார். தூசி படிகிறபடிதான் தமயந்தி அதைச் செய்திருந்தாள்.

இதற்குள் போன்களுக்குள் காலம் மாறிவிட்டது. சக்கரம் சுற்றுகிற விளையாட்டு, பெட்டி திறக்கிற விளையாட்டு, ஒரே மாதிரி இரண்டு பழம் வந்து மூன்றாவது பழம் மயிரிழையில் தப்பிப்போகிற விளையாட்டு என்று வந்தவை, ஒருவரையொருவர் பார்த்து எழுதிய பரீட்சைத் தாள்கள் மாதிரி இருந்தன. ஆலங்கட்டி மழையை அனுப்பிய டிரைவர் இப்போது பெட்டி திறந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் இன்னொரு பெட்டியின் சாவி இருந்தது. ‘சுமை’யைத் தேடினால்கூட முதலில் நான்கு சக்கரங்கள் சுற்றி முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் மாடியேறி வந்து, ரப்பர் நாற்றத்துக்குக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“ரொம்ப அழகா இருக்கு மேடம். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு அழுதுட்டா” என்றார் ஒருவர்.

“சந்தோஷமுங்க” என்றாள் தமயந்தி.

“ஒரே ஒரு பிரச்சனை. லோடை இறக்கினதும் எல்லாரும் போனைக் கீழ வெச்சிடறாங்க.”

“ஆமாங்க. நிம்மதியாயிரும்ல.”

“அதான் மேடம் பிரச்சனை.”

அவள் விற்றுவிட்டாள். அடுத்த மாதமே லாரி இருந்த இடத்தில் ஒரு தங்கச் சக்கரம் வந்தது. புளியமரங்களை எடுத்துவிட்டார்கள். ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி போயிற்று: ‘உங்கள் பழைய சுமைகள் நீக்கப்படுகின்றன. அதற்கு ஈடாகப் பத்து இலவசச் சுற்றுகள்! வாழ்த்துகள்!’

அந்தச் செய்தி வந்த அன்று, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, நாச்சிமுத்துவின் எடை மேடையில் பச்சை லாரி வந்து நின்றது.

டிரைவர் இல்லை. சாவி போட ஓட்டை இல்லை. நம்பர் பலகையில் வரிசையாகப் பூஜ்யங்கள். தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கயிற்று முனை ஒரு பக்கம் தொங்கியது. மேடையில் எது ஏறினாலும் சீட்டு அடிக்கிற பழக்கத்தில் நாச்சிமுத்து பட்டனை அழுத்தினார். பூஜ்யம் கிலோ என்று வந்தது. அவர் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் வளைவு போய், இருபத்து மூன்று டன் ஏற்றியதுபோல் தட்டையாக அமுங்கிக் கிடந்தன. பக்கப் பலகையில் சாக்பீஸால் ‘அர்த்தநாரி, நாக்பூர்’ என்று எழுதியிருந்தது, லோடு ஆட்கள் அடையாளத்துக்கு எழுதுவதுபோல. எழுத்து நாச்சிமுத்துவுடையதே.

எதிர்ப் பக்கத்து டீக்கடை ராசம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஏனுங்ண்ணா, இந்த வண்டி டிரைவர் எங்கீங்க?”

“டிரைவர் இல்லீங்க. போன்ல இருந்து வந்திருக்குது.”

“அப்படிங்களா? கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. கடையே தெரிய மாட்டேங்குது.”

எடையில்லாத வண்டி நான்கு பேர் தள்ளினால் நகர வேண்டும். நாற்பது பேர் தள்ளியும் நகரவில்லை. “ஹேண்ட் பிரேக் போட்டிருக்குதாட்ட இருக்குது” என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்து, டீ குடிக்கப் போயிற்று. வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஜீப்பில் வந்தார். பூஜ்யம் கிலோ வண்டி கனரக வாகனத்திலும் சேராது, இலகுரக வாகனத்திலும் சேராது, ஆகவே தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, போகும்போது அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். யாரோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவையும் நசுங்காமல், உருளாமல் அப்படியே இருந்தன.

சங்ககிரியில் காலி வண்டி நின்றால் ஆகாது. எந்த வண்டியையும் திரும்பு லோடு இல்லாமல் அனுப்புவது வாசலுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதற்குச் சமம் என்று நினைக்கிற ஊர் அது. லாரி உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் குழந்தைவேலு, எடைச் சீட்டை நகலெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டி, காலி வண்டி என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் என்று, சிமெண்ட் மூட்டைகளோடு எட்டு லோடுமேன்களை அனுப்பினார். அவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

“இடமே இல்லீங்க. வண்டி ஃபுல் லோடுங்க” என்றார் அவர்களில் மூத்தவர்.

“சீட்டுல பூஜ்யம்னு போட்டிருக்குதே, படிக்கத் தெரியாதா?”

“எனக்குச் சுமக்கத்தான் தெரியுமுங்க.”

ஊர் வழக்கம்போல் சீட்டை நம்பியது. நாச்சிமுத்து பக்கத்தில்தான் நின்றிருந்தார். லோடுமேன் சொல்வதுதான் நிஜம் என்று அவருக்குத் தெரியும். இந்த முறையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், கடையை மறைக்கிறது என்ற கோபத்தில் ராசம்மா தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். முடிச்சு அரை அங்குலம் இளகியது. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலை அது பழையபடி இறுகியிருந்தது. ஆனால் அரை அங்குலம் இளகியதைப் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த அரை அங்குலம் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தது.

அன்று மத்தியானத்துக்குள் வரிசை நின்றுவிட்டது. ஆளுக்கு ஓர் இழுப்பு. முறைதவறக் கூடாது என்று குழந்தைவேலு டோக்கன் ஏற்பாடு செய்தார். வருகிறவர் மேடையில் ஏறி நிற்க வேண்டும், நாச்சிமுத்து பட்டனை அழுத்துவார், வருகிற எடைச் சீட்டின் வரிசை எண்தான் டோக்கன். சரக்கு லாரிகள் எடைபோட அடுத்த ஊருக்குப் போகத் தொடங்கின. அதற்குப் பின் ஒவ்வொன்றாக விதிகள் வந்தன, யார் போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தொடர்ந்து ஏழு நாள் வருகிறவருக்கு எட்டாம் நாள் இரண்டு இழுப்பு. ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. புதிதாக மூன்று பேரைக் கூட்டி வருகிறவருக்கு வரிசையில் பத்து இடம் முன்னால். செவ்வாய்க்கிழமைகளில் இடது கையாலும் இழுக்கலாம். ஐந்நூறு பேரில் யாரோ ஒருவருக்கு முடிச்சு அரை அங்குலம் இளகும். அவர் கையை ஊரே தொட்டுப் பார்க்கும். அடுத்தவர் இழுப்பதற்குள் இறுகிவிடும். தாலி கட்டுகிற நேரம் டோக்கன் நேரத்தோடு இடித்ததென்று ஒரு கல்யாணத்தை மூன்று மணி நேரம் தள்ளிவைத்தார்கள். மாப்பிள்ளையும் வரிசையில்தான் நின்றிருந்தார்.

உள்ளே தங்கம் என்றார்கள். ஆயுளுக்கும் டீசல் கூப்பன் என்றார்கள். ஆலங்கட்டி மழையை அனுப்பிய அதே டிரைவர் பன்னிரண்டு நாள் நின்றார். காதுகுத்து வருத்தத்தை அனுப்பியவர், மகளையே கூட்டிவந்து இழுக்கச் சொன்னார். வருத்தத்தையும் மழையையும் ஏற்றி அனுப்பத் தெரிந்த அந்த ஆட்களில் ஒருவருக்குக்கூட, இது யாரோ யாருக்கோ கட்டிய சுமை என்று தோன்றவில்லை. எல்லாரும் தனக்கு என்ன விழும் என்றே கேட்டார்கள்.

தமயந்தி ஒரு நாள் கீழே இறங்கி வந்து, வண்டியைச் சுற்றி நடந்து, பின்பலகையில் தான் எழுதியதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பக்கப் பலகைப் பேரைப் படித்தாள். நேராக நாச்சிமுத்துவின் அறைக்கு வந்தாள்.

“அண்ணா, இது உங்க வண்டிதானுங்களே?”

அவர் டோக்கன் அடிப்பதை நிறுத்தவில்லை. “எத்தனையோ ஆயிரம் பேர் ஆடினாங்க. என்னுதுன்னு எப்படிச் சொல்றே அம்மிணி?”

“எல்லாரும் ஏத்தினாங்க, அனுப்பிட்டாங்க. கட்டி வெச்சு அனுப்பாம நின்னது அத்தனையிலயும் ஒண்ணே ஒண்ணுதாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன்.”

“உள்ள என்னன்னு படிச்சியா?”

“அது எனக்குத் தெரியாதபடிதான் செஞ்சிருந்தேங்க.”

அவர் மூச்சு விட்டார்.

“வாயால ஒருக்கா சொல்லிருங்கண்ணா, கெளம்பிரும்.”

“இத்தனை பேருக்கு முன்னாலயா?”

“ஆளில்லாதப்ப சொல்லுங்க.”

“ஆளில்லாத நேரம் ஏது கண்ணு? டோக்கனே நான்தான் அடிக்கறேன்.”

“யாராச்சும் அவுத்துட்டாங்கன்னா?”

அதைத்தான் அவர் ராசம்மா இழுத்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது அவிழ்த்தால் இருபத்து மூன்று டன்னும் ஊர் நடுவே கொட்டிவிடும். யாரும் அவிழ்க்காவிட்டால் அண்ணனிடம் ஒருநாளும் போய்ச் சேராது.

“அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?”

நாச்சிமுத்து மேசை டிராயரைத் திறந்து காட்டினார். “நானும் டோக்கன் எடுத்திருக்கேன்.”

தமயந்தி அந்த டோக்கனைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அப்படியாக, ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போய்விடக்கூடிய வண்டியின் பின்னால், அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். தன் கைக்கு முடிச்சு அவிழ்ந்தால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்து, மறுபடி மூடி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். ஏழு நாள் நின்றார். எட்டாம் நாள் இரண்டு இழுப்பு. இளகவில்லை. மறுபடி ஏழு நாள். ஒருமுறை அவர் கைக்கும் அரை அங்குலம் கொடுத்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக அவரே சொல்வார். அண்ணனைப் பற்றி அன்று முழுக்க நினைக்கவேயில்லை என்பதையும் அவரேதான் சொல்வார்.

நாற்பத்தோராம் நாள், ராசம்மாவின் முறை வந்தது. வண்டி வந்த நாளிலிருந்து கடையை மறைத்த கோபம் அவளுக்குத் தீரவேயில்லை. கால் இரண்டையும் பதித்து இழுத்தாள். அரை அங்குலம் இளகி, இன்னும் அரை அங்குலம் இளகி, முடிச்சுக்குள் பகல் வெளிச்சம் தெரிந்தது. நூறு தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. “விட்றாதீங்கக்கா! விட்றாதீங்க!”

நாச்சிமுத்து வரிசையில் ஆறாம் நாளில் இருந்தார், இன்னும் ஒரே நாள் நின்றால் மறுநாள் இரண்டு இழுப்பு. அவர் வரிசையைவிட்டு வெளியே வந்தார். பின்னால் நின்றவர், “அண்ணா, உங்க ஏழு நாள் போச்சுங்களே!” என்று நிஜமான அக்கறையோடு கூப்பிட்டார். அவர் முன்பக்கம் போய், வெயிலில் காய்ந்தும் சுடாத அந்தப் பச்சைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து, “அன்னிக்கு இருவத்து மூணு டன்னுண்ணா. எனக்குத் தெரியும்” என்றார்.

அதே நொடியில் சங்கத்து ஒலிபெருக்கி, “டோக்கன் நம்பர் நானூத்திப் பதினேழு, நானூத்திப் பதினேழு, தயாரா இருக்கவும்” என்று அலறியது. இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று நாற்பது நாள் அவர் பயந்த வாக்கியம் ஒருவர் காதிலும் விழவில்லை. வண்டி மட்டும் கேட்டது. கயிறு ராசம்மாவின் கையிலிருந்து நழுவி, தானாக இறுகிக்கொண்டது. நாற்பத்தொரு நாள் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பச்சை லாரி மேடையைவிட்டு இறங்கி, பைபாஸில் ஏறி, சேலம் பக்கமாக, ஹாரன் அடிக்காமல் போயிற்று. பட்டைகள் அப்படியே அமுங்கியிருந்தன.

வரிசை முழுக்கத் திரும்பி, காலியான மேடையைப் பார்த்தது.

“இப்பத்தான் கடை நல்லாத் தெரியுது” என்றாள் ராசம்மா.

“அது சரிங்க. என் இழுப்பு என்னாவறது?” என்றார் நானூற்றுப் பதினேழு.

நியாயமான கேள்விதான். சாயங்காலத்துக்குள் குழந்தைவேலு மேடை ஓரத்தில் ஒரு சிமெண்ட் கம்பம் நட்டு, அதில் ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அதற்கு உள்ளே என்பதே இல்லை. இருந்தாலும் வரிசை கலையவில்லை. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரும் மறுபடி வந்து, கைக்குட்டையில்லாமல், மரியாதையாக நின்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் ‘சுமை’யில் தங்கச் சக்கரத்தை எடுத்துவிட்டு, ஒரு லாரியும் ஒரு கயிறும் வைத்தார்கள். முடிச்சு எத்தனை பேருக்கு ஒருமுறை அரை அங்குலம் இளக வேண்டும் என்று வகுக்கிற வேலையை, அதே மாடியறையில் உட்கார்ந்தபடி, தமயந்தி செய்கிறாள். “யாராச்சும் ஒருத்தர் செய்யத்தான் போறாங்க. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குதுங்கண்ணா” என்று நாச்சிமுத்துவிடம் சொன்னாளாம். அந்தக் கயிற்றை இழுக்காத டிரைவர் இன்று கிடையாது.

கதை இவ்வளவுதான். இந்த வருடமும் இதை எழுதுகிறவன் இரும்புக் கட்டிகளை அடுக்கினான். மேடை சரியாகத்தான் காட்டியது. தொப்பூர் விபத்து நடந்த வருடமும் அது சரியாகத்தான் காட்டியது. விசாரணைக்கு அப்படி ஒரு சான்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் இவன்தான். மேடை சரியென்றால் சீட்டும் சரி என்று விசாரணை எடுத்துக்கொண்டது. சீட்டை எழுதிய கையைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஏழு வருடமாக ஒவ்வொரு டீயோடும் அந்த இருபத்து மூன்று டன்னைக் கேட்டுவிட்டு, கதைதானே என்று எழுந்து வந்திருக்கிறான்.

முத்திரை குத்தி முடிந்ததும் டீ வந்தது. நாச்சிமுத்து உறைபோட்ட சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்த வருடம் லாரி வந்தது வியாழக்கிழமை.

“நாக்பூர் ரெண்டரை நாள் ஓட்டமுங்க. அப்பவே போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார். “திரும்பு லோடுதான் இன்னும் வரலீங்க. வரும்.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். திரையில் லாரி நின்றது, கயிறு தொங்கியது. காலை இழுப்பை அவர் இன்னும் இழுக்கவில்லை. விரலால் இழுத்தார். முடிச்சு கொஞ்சம் இளகி நின்றது. “பார்த்தீங்களா” என்று திருப்பிக் காட்டினார்.

பட்டைகள் உண்மையிலேயே அமுங்கியிருந்தனவா, எலுமிச்சம்பழம் நசுங்கியதை வேறு யாராவது பார்த்தார்களா, ஒலிபெருக்கி அலறாமல் இருந்திருந்தாலும் அதைச் சொல்லியிருப்பாரா என்று கேட்பதற்கு இதை எழுதுகிறவன் ஏழு வருடமாகக் கேள்விகள் சேர்த்துவைத்திருந்தான். அவற்றில் எதையும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“ஏனுங்க, உங்க அண்ணன் நம்பர் இதுல இருக்குதுங்களா?”